ஆட்டிடம் கேட்க மறந்தது

கல்லூரி மலரில் என் மனைவியைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருக்கிறார்கள். இந்த மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறவர்கள் வரிசையில் மூன்றாவது ஆள். புகைப்படத்தில் எப்சி, ஆதார் அட்டைக்கு எடுத்த மாதிரி முறைத்துக்கொண்டிருக்கிறாள். "முனைவர் எப்சி மெர்வின், உடலியங்கியல் துறை. குடல், நுரையீரல் நரம்புகள் பற்றிய ஆய்வில் முத்திரை பதித்தவர். அன்பும் பண்பும் மிக்கவர்." அவ்வளவுதான். அரைப் பக்கத்தில் ஒரு ஆடு கூட இல்லை. இதை எழுதிய புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியும். அவருக்கு என் மனைவியையும் தெரியாது, ஆட்டையும் தெரியாது.

எனக்கு இரண்டையும் தெரியும். கல்யாணமான நாள் முதலாக ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தாம்பரம் மார்க்கெட் கறிக்கடை வாசலில் நிற்கிறவன் நான். ஆகவே நானே எழுதிவிடுகிறேன். எனக்குப் பள்ளிக்கூடத்தில் காமர்ஸ் வாத்தியார் வேலை. அறிவியலில் ஏதாவது தப்பாகச் சொன்னால் எப்சி திருத்தட்டும். எப்படியும் திருத்தாமல் விடமாட்டாள்.

முதலில் என் மாமனார் அசரியாவைச் சொல்ல வேண்டும். தாம்பரம் கடற்கரை மின்சார ரயிலில் கார்டாக இருந்தவர். வண்டியின் கடைசியில் நின்று மணி அடிப்பார். முன்னால் இருக்கிற மோட்டார்மேனுக்கு அது கேட்கும். ஒரு மணி என்றால் நிறுத்து, இரண்டு மணி என்றால் கிளம்பு. வேலையில் அவரை ஒரு குறை சொல்ல முடியாது. குறை வீட்டில்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவி வந்து உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் மூச்சு இழுக்க ஆரம்பிக்கும். மற்ற நேரத்தில் அவ்வளவு தொந்தரவு இல்லை. என் மாமியார் சரோஜினி ஒரு டீச்சர். வகுப்பில் வயிற்றுவலி என்று சொல்கிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து, யார் எந்த வலியைச் சொன்னாலும் நம்பாத குணம் வந்துவிட்டது.

"கறி திங்கிறப்ப வராத இழுப்பு, சாயங்காலம் சர்ச்சுக்குக் கெளம்புங்கன்னா மட்டும் எங்கேர்ந்து வருது? நல்லா நடிக்கிறீங்க" என்பார்.

டாக்டரும் கைகொடுக்கவில்லை. காலையில் போய்க் காட்டினால் நெஞ்சில் ஒரு சத்தமும் இருக்காது. "எல்லாம் மனசுதான் சார். கொஞ்சம் குறைச்சுச் சாப்பிடுங்க" என்று அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு மாமியாரைப் பிடிக்க முடியுமா?

எப்சி அப்போது சின்னப் பெண். ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் பனியன் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினாள்.

"அம்மா, நெஜமாவே உள்ள விசில் அடிக்குதும்மா!"

"கார்டு நெஞ்சுல விசில் அடிக்காம வேற என்ன அடிக்கும்?" என்று சொல்லிவிட்டு மாமியார் பாத்திரம் துலக்கப் போய்விட்டார்.

வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாமனார் சிரிக்கவில்லை. எப்சி அவர் பக்கத்தில் போய், "நான் பெரிய படிப்பு படிச்சு, ஏன்னு கண்டுபுடிச்சுச் சொல்றேன்ப்பா" என்றாளாம். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடிந்ததும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "என்னம்மா, கண்டுபுடிச்சாச்சா?" அவள் பதிலும் ஒன்றுதான். "இன்னும் இல்லப்பா." மாமியார் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன, மாமனார் இப்போது எங்களோடுதான் இருக்கிறார். அவள் ஊரில் இருந்தால் கேள்வி மட்டும் ஒரு வாரம் கூடத் தப்பியதில்லை.

சொன்னபடியே எப்சி படித்தாள். விலங்கியல் தாம்பரத்திலேயே. பிறகு தரமணிக்குப் போய் உடலியங்கியல், டாக்டர் பட்டம். அதற்கப்புறம் ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் குடல் நரம்புகளைப் பற்றி வேலை. குடலுக்கென்று சொந்தமாக நரம்புகள் இருக்கின்றன, அவை மூளையைக் கேட்காமலே தங்கள் காரியத்தைப் பார்த்துக்கொள்ளும் என்பதை அங்கேதான் கண்ணால் கண்டாள். அவர்கள் இருந்துவிடச் சொன்னார்கள். இவள் திரும்பி வந்துவிட்டாள். காரணம் கேட்டால், அங்கே எல்லாருக்கும் குடல் மட்டும்தான் வேண்டியிருந்தது, நுரையீரலைப் பற்றிப் பேசினால் பக்கத்துக் கட்டடத்துக்குப் போ என்றார்கள் என்பாள். இவளுக்கு இரண்டும் வேண்டும். அப்பாவின் வயிறும் நெஞ்சும் ஒரே ஆளிடம்தானே இருக்கின்றன.

இங்கே வந்து சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தாள். அந்த வருடம்தான் எங்களுக்குக் கல்யாணம் பேசினார்கள். பெண்ணைத் தனியாகப் பார்த்துப் பேசலாம் என்று சொன்னபோது நான் ஏதோ ஹோட்டலில் ஐஸ்கிரீம் என்று நினைத்துக்கொண்டு நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போனேன். என்னை ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தாள். ஒரு கண்ணாடிக் குழாயில் வெதுவெதுப்பான உப்பு நீர். அடியிலிருந்து ஆக்ஸிஜன் குமிழ் குமிழாக வந்துகொண்டிருந்தது. நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்ட ஒரு குடல் துண்டு, விரல் நீளம் இருக்கும். அது தானாக நெளிந்துகொண்டிருந்தது.

"ஆடு காலைலயே போயிடுச்சு. இதுக்கு அது தெரியாது. இன்னும் வேலை செஞ்சுட்டிருக்கு பாருங்க" என்றாள்.

நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். இந்த முகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. சரி என்று சொல்லிவிட்டேன். இன்றுவரை அந்த முடிவில் எனக்கு வருத்தமில்லை, ஞாயிற்றுக்கிழமை தூக்கம் போனதைத் தவிர.

ஆராய்ச்சிக்கென்று விலங்கு வளர்க்கவோ வாங்கவோ அவள் கல்லூரி மாதிரி இடத்தில் வழியில்லை. அதனால் எப்சி தானாக ஒரு வழி வைத்துக்கொண்டாள். ஊர் எப்படியும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி சாப்பிடுகிறது. அந்த ஆட்டிலேயே ஒரு சாண் குடலும் ஒரு துண்டு மூச்சுக்குழாயும் வாங்கிக்கொண்டால் போதும். விடிந்ததும் நாங்கள் இருவரும் ஸ்கூட்டரில் ஜாஃபர் பாய் கடைக்குப் போவோம். ஆடு வெட்டியவுடனே இரண்டு துண்டையும் குளிர்ந்த உப்பு நீர் ஊற்றிய பிளாஸ்கில் போட்டுக்கொண்டு அவள் செங்கல்பட்டு வண்டி ஏறிவிடுவாள். "காபியாக்கா?" என்று கேட்டுச் சினேகம் பிடிக்கிறவர்களிடம் "மருந்து" என்று சொல்லிவிடுவாள். அதே ஆட்டின் மிச்சக் குடலை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டிக் குழம்பு வைப்பேன். ஒரு சாண் விஞ்ஞானத்துக்கு, மிச்சமெல்லாம் எங்கள் சோற்றுக்கு. உலகத்தில் வேறெந்த ஆய்வுக்கூடத்திலும் ஆராய்ச்சி செய்த பொருளை மதியம் மிளகு போட்டுச் சாப்பிடுகிற வசதி இருக்காது.

இரண்டு துண்டையும் பக்கத்துப் பக்கத்துக் குழாயில் தொங்கவிடுவாள். துளியூண்டு மின்சாரத்தால் நரம்பைத் தூண்டுவாள். நரம்பு விழித்தால் தசை இறுகும், எவ்வளவு இறுகியது என்று காகிதத்தில் கோடு விழும். கருவில் முதலில் குடல்தான் உருவாகிறதாம். அதிலிருந்து மொட்டு மாதிரிக் கிளம்பி வருவதுதான் நுரையீரலாம். "அண்ணன் தம்பிங்க. ஒரே எடத்துலேர்ந்து வந்த நரம்புங்க. ஒருத்தன் சங்கதி இன்னொருத்தனுக்குத் தெரியாம இருக்குமா?" என்பாள்.

தெரியாமல் இருக்காது என்றுதான் அவள் கண்டுபிடித்தாள். எந்த ஆட்டில் குடல் நரம்பு பலமாக இறுக்குகிறதோ, அதே ஆட்டில் மூச்சுக்குழாய் நரம்பும் பலமாக இறுக்குகிறது. குடல் மந்தமென்றால் அதுவும் மந்தம். வருடக்கணக்காக ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டி அதை நிரூபித்து, வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் கட்டுரையாக வெளியிட்டாள். அவள் எழுதியதில் பெயர் சொல்லும்படியான கட்டுரை அது ஒன்றுதான். அதைப் பார்த்துவிட்டு நாவலூரில் ஒரு மருந்துக் கம்பெனிக்காரர்கள் கூடக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக் கட்டடம், வாசலுக்கு வந்து ஏற்றிக்கொண்டு போக கார். போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அங்க மாத்திரையைப் பத்தித்தான் கேக்குறாங்க, ஆட்டைப் பத்தி யாரும் கேக்கல" என்று சொல்லி மறுபடி செங்கல்பட்டு வண்டி ஏறினாள். நான் இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஸ்கூட்டரை எடுத்தேன்.

போன வருடம்தான் தலைவலி வந்தது. ஐரோப்பாவில் ஒரு குழு, எப்சி சொன்னதை அப்படியே செய்து பார்த்தோம், எங்களுக்கு அப்படி எதுவும் தெரியவில்லை என்று எழுதிவிட்டது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனாலும் படித்துவிட்டு எப்சி அன்று சாயங்காலம் முழுக்கப் பழைய நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற ஒரு வருடம் கூட இல்லை. வாழ்நாளில் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று. அது பொய்யா நிஜமா?

"திரும்பச் செஞ்சு பாத்துடுவோம். தப்புன்னா நானே கட்டுரையை வாபஸ் வாங்கிடுறேன்" என்றாள்.

அவள் மாணவன் பத்ரிக்குத்தான் முகம் வெளுத்துவிட்டது. அவனுடைய ஆய்வேடும் அந்தக் கட்டுரையின் மேல்தான் நின்றது. பத்ரி கீழ்க்கட்டளைப் பையன், ஐயங்கார் வீடு. கெட்டிக்காரன், கை நடுங்காமல் நரம்பைப் பிரித்தெடுப்பான். முடித்தவுடன் ஆய்வுக்கூடத்திலேயே தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். அவன் அம்மா ஒருநாள் போனில் எப்சியிடம், "எங்காத்துப் பிள்ளைக்கு வேற நரம்பே கெடைக்கலையா மேடம்? ஒரு வாழைத்தண்டுல நரம்பு பாக்கப்படாதோ?" என்று கேட்டார். எப்சி சிரிக்காமல், வாழைத்தண்டுக்கு மூச்சு இழுக்காதே மாமி என்று பதில் சொன்னாள்.

எப்போது திரும்பச் செய்வது என்று இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். அப்போதுதான் அந்த அருமையான யோசனை வந்தது. புரட்டாசி. அந்த மாதம் கறிக்கடையில் கூட்டமே இருக்காது. ஜாஃபர் பாய் அவசரப்படாமல் நிதானமாக, நாங்கள் கேட்கிற அளவுக்குச் சிதையாமல் வெட்டித் தருவார். கல்லூரிக்கும் விடுமுறை வரும், ஆய்வுக்கூடம் காலியாக இருக்கும். இதைவிட நல்ல மாதம் கிடைக்குமா? எனக்கும் சந்தோஷம், வரிசையில் நிற்க வேண்டாமே.

முதல் ஞாயிறு போனோம். கடை வெறிச்சென்று கிடந்தது. ஓரத்தில் நாலைந்து ஆடுகள் கட்டிக் கிடந்தன.

"இன்னா சார், நீங்க மட்டும்தான் போணியே! ஊரே சாமி கும்பிட்டுகினு கீது. உக்காருங்க, டீ சொல்றேன்" என்றார் பாய்.

டீ குடித்தோம். பாய் பூப்போல வெட்டிக் கொடுத்தார். வீட்டில் குடல் சுத்தம் செய்கிற வேலையும் அந்த மாதம் சுலபமாக முடிந்தது. ஆய்வுக்கூடத்தில்தான் ஒன்றும் சரிவரவில்லை. ஒரு ஆட்டில் குடல் இறுகினால் மூச்சுக்குழாய் சும்மா இருந்தது. இன்னொன்றில் மூச்சுக்குழாய் இறுகியது, குடல் கண்டுகொள்ளவில்லை. அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. ஞாயிறுக்கு ஞாயிறு அதே கதை. புரட்டாசி முடிகிறபோது எப்சி கோடுகளையெல்லாம் வரிசையாக மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தாள்.

"அவங்க சொன்னதுதான் சரி. நான் கண்டது ஏதோ தற்செயல்" என்றாள்.

பத்ரி, "மேடம், தீபாவளி வரைக்குமாவது பொறுங்கோ. அனுப்பிட வேண்டாம்" என்று கெஞ்சினான்.

"பொறுத்தா ஆடு மாறிடுமா பத்ரி? உனக்கு வேற தலைப்பு யோசிக்கிறேன். நீ கவலப்படாத" என்றாள். கட்டுரையை வாபஸ் வாங்குவதாக ஆய்விதழுக்கு மின்னஞ்சல் எழுதி வைத்தாள். பத்ரிக்காக அனுப்பாமல் வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. ஐரோப்பாக்காரர்கள் மேல் கொஞ்சம், ஆட்டின் மேல் நிறைய. அந்த வாரம் மாமனார் சாப்பிட்டு முடித்து இழுத்துக்கொண்டே, "என்னம்மா, கண்டுபுடிச்சாச்சா?" என்று கேட்டபோது அவள், "கண்டுபுடிச்சதும் போயிடும் போலருக்குப்பா" என்றாள். அவர் இன்ஹேலரை எடுத்து உறிஞ்சிக்கொண்டார். எப்சிக்குக் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அவள் அழுகிற ஆளில்லை.

தீபாவளியன்று காலையில் ஆராய்ச்சி எதுவும் இல்லை. வீட்டுக்கு மட்டும் கறி வாங்கப் போனேன். கடையில் தேர்க்கூட்டம். ஒரு மாதம் வாயைக் கட்டியவர்கள் எல்லாரும் சேர்ந்து வந்துவிட்ட மாதிரி. லாரியிலிருந்து ஆடு இறங்க இறங்க வெட்டிக்கொண்டிருந்தார்கள். அடித்துப் பிடித்துக் கறியும் போட்டியும் வாங்கிக்கொண்டு வந்து, சமையலறைத் தொட்டியில் குடலைக் கழுவ உட்கார்ந்தேன். கழுவக் கழுவப் பச்சையாக வந்துகொண்டே இருந்தது. தழையும் புல்லும். தண்ணீர் தொட்டியே காலியாகிவிடும் போலிருந்தது.

"என்ன கருமம் இது!" என்று கத்தினேன். "புரட்டாசி பூரா நாலு அலசு அலசுனா முடிஞ்சுது. உள்ள ஒண்ணுமே இருக்காது. இன்னிக்குப் பாரு, ஊர்ல இருக்கிற எல்லா மரத்தையும் தின்னுட்டு வந்து செத்துருக்கு!"

ஹாலில் மாமனாரோடு உட்கார்ந்திருந்த எப்சி எழுந்து வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"திரும்பச் சொல்லுங்க."

"என்ன திரும்ப? மரத்தைத் தின்னுட்டு..."

"அது இல்ல. புரட்டாசில உள்ள ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமில்ல. சும்மா வழவழன்னு காலியா இருந்துச்சு. அதுக்கென்ன இப்போ?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பட்டுப்புடவை இல்லாவிட்டாலும் நல்ல புடவை. கீழே குடல் கழுவிய தண்ணீர். நான் பயந்துவிட்டேன். பார்த்தால் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

விஷயம் இதுதான். புரட்டாசியில் வியாபாரம் இல்லை. அதனால் வாங்கி வந்த ஆடு விற்காமல் நாள்கணக்கில் கடையோரம் கட்டிக் கிடக்கும். போகிற வருகிறவர்கள் நாலு இலை போட்டால் உண்டு. மற்ற மாதங்களில் வந்த ஆடு வந்த அன்றே, தின்ற வயிற்றோடு போய்விடும். முந்தைய வருடங்களில் புரட்டாசியின் அந்த நாலைந்து ஞாயிறும் மொத்தக் கணக்கில் அமுங்கிப் போயிருந்தன. எப்சி ஒவ்வொரு ஆட்டுக்கும் வயது, எடை, கிடாவா பெட்டையா எல்லாம் எழுதி வைத்திருக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரைக் கூட, "சாப்டீங்களா?" என்று கேட்காமல் விடாத ஊர் இது. இத்தனை வருடத்தில் ஆட்டை மட்டும் கேட்கவில்லை.

பத்ரிக்கு உடனே போன் போட்டாள். அவன் முழுக்கக் கேட்டுக்கொண்டான். பிறகு, "எங்காத்துல வருஷம் பூரா புரட்டாசிதான் மேடம். அதனால அந்த மாசத்துல மத்தவாளுக்கு என்ன மாறறதுன்னு நான் யோசிச்சதே இல்ல" என்றான். எங்கள் வீட்டில் புரட்டாசி என்பதே கிடையாது. எங்களுக்கும் தோன்றவில்லை. ஆக, மாதம் தெரிந்தவனுக்குக் கடை தெரியவில்லை, கடை தெரிந்தவர்களுக்கு மாதம் உறைக்கவில்லை. ஒரு முனைவர் தலையும், முனைவராகப் போகிற ஒரு தலையும், ஒரு காமர்ஸ் தலையும் சேர்ந்து, வருடத்திலேயே ஆகாத ஒரே மாதத்தைப் பொறுக்கி எடுத்திருக்கிறோம்.

அன்று ராத்திரிக்குள் அவள் ஐரோப்பாக்காரர்களுக்கு எழுதினாள். நீங்கள் ஆட்டை அறுக்கும் முன் சாப்பிடக் கொடுப்பீர்களா என்று ஒரே கேள்வி. கொடுக்கமாட்டோம், முதல் நாளே தீனியை நிறுத்திவிடுவோம், அதுதான் எங்கள் விதி என்று பதில் வந்தது. எழுதி வைத்திருந்த வாபஸ் மின்னஞ்சலை எப்சி அழித்தாள். ஆனால் நான் எதிர்பார்த்த மாதிரி துள்ளிக் குதிக்கவில்லை. "இப்போதான் கேள்வியே தெரிஞ்சிருக்கு. பதிலை இன்னும் பாக்கணும்" என்றாள்.

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் பாயிடம் கேட்டுக் கேட்டு, அன்றே வந்து இறங்கிய ஆடு, முந்தியே வந்து கட்டிக் கிடந்த ஆடு என்று இரண்டு வகையிலும் எடுத்தார்கள். பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. "மேடம், இது நாஸ்டா பண்ண ஆடு, அது நாஸ்டா பண்ணாத ஆடு, எது வோணும்?" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்துவார். கிறிஸ்துமஸ் போயிற்று, பொங்கல் போயிற்று. தவக்காலம் வந்தது. எங்கள் வீட்டில் கறியை நிறுத்தினோம், ஆராய்ச்சியை நிறுத்தவில்லை. மிச்சக் குடல் அந்த நாட்களில் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள் பத்ரி கடைசிக் கோடுகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான். பசித்த ஆட்டில் குடலும் மூச்சுக்குழாயும் அதனதன் போக்கில் இருந்தன. வயிறு நிறைந்த ஆட்டில் மட்டும் இரண்டும் ஒன்றாக இறுகின. ஒரு ஆடு கூடத் தவறவில்லை என்று சொன்னால் எப்சி என்னைத் திருத்துவாள், ஒன்றிரண்டு தவறியதாம். ஆனால் மொத்தத்தில் சந்தேகமே இல்லை. அவள் கட்டுரை நிஜம். முன்பு சொன்ன அளவுக்குப் பெரிய நிஜமில்லை, சாப்பிட்ட ஆட்டுக்கு மட்டும் நிஜம்.

"அப்போ திருத்தம் எழுதணுமே மேடம். பாதிதான் சரின்னு ஆயிடும்" என்றான் பத்ரி.

"எழுதுவோம். மொதப் பேரு உன்னுது" என்றாள். அவன் அதைக் கேட்டுவிட்டு எங்கள் வீட்டில் முதல்முறையாகத் தண்ணீர் அல்லாமல் காபி வாங்கிக் குடித்தான்.

ஈஸ்டர் வந்தது. தவக்காலம் முழுக்கக் கறி இல்லாமல் கிடந்த மாமனார் அன்று ஒரு பிடி பிடித்தார். எண்பது தாண்டிய மனிதர் சாப்பிடுகிற சாப்பாடா அது? நான் முறைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். கை கழுவிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் விசில் ஆரம்பித்தது. இன்ஹேலரை உறிஞ்சிவிட்டு, மூச்சு நிதானத்துக்கு வந்ததும் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"என்னம்மா, கண்டுபுடிச்சாச்சா?"

எப்சி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கீழே வைத்துவிட்டு, "ஆச்சுப்பா" என்றாள்.

அவருக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். எப்சி நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"நீங்க பின்னாடிப் பொட்டியிலேர்ந்து மணி அடிச்சா முன்னாடி மோட்டார்மேன் வண்டிய நிறுத்துவாரு இல்லப்பா? அந்த மாதிரிதான். வயிறு காலியா இருந்தா கார்டு பேசாம நிக்கிறாரு. வயிறு நெறைஞ்சா மணி அடிக்கிறாரு. குடலும் இறுகுது, கூடவே மூச்சுக்குழாயும் இறுகுது. ஆட்டுல அப்படித்தான். மனுஷனுக்கும் அப்படியான்னு இனிமே யாராவது பாக்கணும்."

மாமனார் யோசித்தார். "சாப்ட்டா இழுக்குதுன்னு நான்தானே உனக்குச் சொன்னேன்?" என்றார். "அதுக்குப் போய் இத்தன ஆடா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எப்சியும் சிரித்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது. ஏனென்றால் அவர் சொன்னது சரி. முதலில் அவரிடம் இருந்த கேள்வியில் சாப்பாடு இருந்தது. படிக்கப் படிக்க, அது ஆராய்ச்சிக்கு ஒத்து வராத வீட்டுப் பேச்சு என்று இவள் அதை விட்டுவிட்டாள். அந்தப் பட்டினி ஆடுகள்தான் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தன.

மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. சின்ன வயதில் எப்சி பார்த்த முகம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"அப்போ நான் நடிக்கல" என்றார்.

"இல்லப்பா. எனக்கு அப்பவே தெரியும்."

"உனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதே." என் பக்கம் திரும்பினார். "மெர்வின், சாயங்காலம் வண்டி எடுக்குறீங்களா? கல்லறைக்குப் போகணும்."

விடியற்காலை ஆராதனைக்கே மூவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், மாமியார் கல்லறையில் பூ வைத்துவிட்டுத்தான் வந்திருந்தோம். ஒரே நாளில் இரண்டு தடவையா என்று நான் கேட்கவில்லை. வெயில் தாழ்ந்ததும் காரை எடுத்தேன். காலையில் வைத்த செவ்வந்தி இன்னும் வாடவில்லை. மாமனார் கைத்தடியை ஊன்றி, தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வரவில்லை.

"நீயே சொல்லும்மா. அவ டீச்சர், நான் சொன்னா நம்பமாட்டா. படிச்சவ நீ, நீ சொல்லு" என்றார்.

எத்தனையோ மாநாடுகளில் பேசியவள் எப்சி. அன்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அம்மாவின் பெயர் வெட்டிய கல்லுக்கு முன்னால் நின்று, குடல் நரம்பு, மூச்சுக்குழாய், புரட்டாசி, தீபாவளி என்று ஒன்றையும் விடாமல் நிதானமாகச் சொன்னாள். பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த குடும்பம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. கார்டு மணி அடிக்கிற இடம் வந்தபோது மாமனார் குறுக்கிட்டு, "ஒரு மணிம்மா. நிறுத்துன்னா ஒரு மணிதான்" என்று திருத்தினார்.

அவள் முடித்ததும் மாமனார் குனிந்து, கல்லின் மேல் விழுந்திருந்த ஒரு சருகை எடுத்துப் போட்டார்.

"கேட்டியா சரோ?" என்றார்.